அருவியாற்றுச் சிறுகுளங்களும் கிராமத்தார் கடமையும்

இலங்கையின் நீர்ப்பாசன வரலாறு பெரிதும் பெருங்குளங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மின்னேரியை மகாசேனனோடும், காலவாவியைத் தாதுசேனனோடும், பராக்கிரமசமுத்திரத்தை அப்பெயருக்குரிய மன்னனோடும் இணைத்துப் பேசுவது பாடநூல்களில் நிலைத்துவிட்ட மரபாகும். கட்டுவித்தவன் பெயர் வம்சக் கதைகளில் நிற்கிறது; ஆண்டுதோறும் கட்டுக்கு மண் சுமந்தவன் பெயர் எங்குமில்லை. உலர் வலயத்தில் இன்றும் ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ள சிறுகுளங்களிற் பெரும்பாலானவை எந்த மன்னனின் பெயராலும் வழங்குவனவல்ல. மரத்தின் பெயராலும் ஊரின் பெயராலும் அவை அழைக்கப்படுகின்றன. ஆயினும் பேரரசுகள் சரிந்து பெருங்குளங்கள் உடைந்து காடேறிய நூற்றாண்டுகளிலும் உலர் வலயத்தில் எஞ்சிய மக்கள் இச்சிறுகுளங்களின் அடியிலேயே நெல் விளைவித்து உயிர்தரித்தனர். இவற்றைப் பேணிய கிராமக் கடமை கடந்த இருநூறு ஆண்டுகளில் எவ்வாறு குலைந்தது, அதை மீட்கும் முயற்சிகள் எவ்வாறு அமைந்தன என்பன அருவியாற்று வடிநிலத்தை முன்னிறுத்தி இங்கு ஆராயப்படுகின்றன.

இவ்வாறு இரு பெயர்களை உடையது. இனாமலுவைப் பக்கத்துக் குன்றுகளில் தோன்றி அநுராதபுரத்தைக் கடந்து வருமளவும் இதனை மல்வத்து ஓயா என்பர். வடமேற்கே திரும்பி மன்னார்ப் பெருநிலப்பரப்பிற் புகுந்து அரிப்புக்கு அருகே கடலோடு கலக்குமிடத்து இது அருவியாறு. மகாவம்சம் இதனையே கதம்பநதி என்கிறது. ஏறத்தாழ 164 கிலோமீற்றர் நீளமும் 3,200 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட வடிநிலப் பரப்பும் கொண்ட இவ்வாறு, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறன்று. வடகீழ்ப் பருவமழை பொய்க்கும் ஆண்டில் மணற்படுகையே மிஞ்சும். மேற்பகுதியிற் சிங்களக் கிராமங்களும் கீழ்ப்பகுதியில் தமிழ், முஸ்லிம் கிராமங்களும் இதனை நம்பி வாழ்கின்றன. பெயர் மாறும் இடத்தில் ஆறு மாறுவதில்லை என்பது எளிய உண்மையே. எனினும் நிருவாகமும் வரலாற்றெழுத்தும் இவ்வாற்றை இரண்டாகவே பார்த்து வந்துள்ளன.

சிறுகுளங்களைத் தனித்தனியே நோக்குவது அவற்றின் இயல்பை உணரத் தடையாகும். ஒரு சிறு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக ஐந்தோ பத்தோ குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். மேற்குளம் வான்பாயும் நீரும், அதன் வயல்களிலிருந்து வடியும் நீரும் அடுத்த குளத்தைச் சேரும். அங்கிருந்து அதற்கடுத்த குளத்தை அடையும். இறுதியிற் கிளையாற்றிலோ பேராற்றிலோ விழும். இத்தகைய தொடர்குளங்கள் அருவியாற்று வடிநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்டவை உள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவியியற் பேராசிரியராக விளங்கிய மத்தும பண்டார, 1985 இல், இத்தொடரையே ஓர் அலகாக வரையறுத்தார். ஒரே நீர் பலமுறை பயன்படுகிறது என்பதும், ஒரு குளத்துக்குச் செய்யப்படும் நன்மையோ தீமையோ அதன் கீழுள்ள எல்லாக் குளங்களையும் சென்றடையும் என்பதும் இவ்வரையறையிலிருந்து பெறப்படும் முடிபுகளாகும்.

குளம் எனப்படுவது கட்டும் துருசும் வானும் மட்டுமன்று. நுவரகலாவியாவின் சிங்களக் கிராமத்தார் குளத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயரிட்டுள்ளனர். குளத்துக்கு மேலே காட்டினுள் வண்டலைத் தடுத்து விலங்குகளுக்கும் நீர் தரும் சிறு காட்டுக்குளம் ‘குளு வெவ’. நீர் பரந்து நிற்கும் மேல்விளிம்பிற் காற்றைத் தடுத்து நீராவியாதலைக் குறைக்கும் மரச்சோலை ‘கஸ்கொம்மன’. மருத மரங்கள் அதில் முதன்மை பெறும். அதற்கும் மேலே வரும் நீரை வடிக்கும் புற்றரை ‘பெரஹன’. கட்டுக்கும் வயலுக்கும் இடையே கசிவுநீரின் உப்பை உறிஞ்சும் மரஞ்செடிகொடிகள் அடர்ந்த நிலத்துண்டு ‘கட்டகடுவ’. வன்னித் தமிழர் நீர்விளிம்பை அலைகரை என்பர். அலைகரையில் மரம் தறிப்பது அங்கும் தகாத செயலாகவே கருதப்பட்டது. இவ்வுறுப்புகளிற் பல, வெறுங்கண்ணுக்குப் பயனற்ற பற்றைக்காடாகவே தோன்றுவன. பிற்காலத்து அதிகாரிகளும் பொறியியலாளரும் அவ்வாறே கண்டனர் என்பதை இவ்விடத்து மனங்கொள்ளல் வேண்டும்.

இவ்வமைப்பைப் பேணிய கடமை எதனோடு பிணைந்திருந்தது? நிலப்பங்கோடு என்பதே விடையாகும். வயல்வெளி பங்குகளாக வகுக்கப்பட்டிருந்தது. பங்கு என்ற சொல்லையே சிங்களக் கிராமத்தாரும் வழங்கினர். பங்குடையவர் அவர்களிடையே ‘பங்குகாரயா’ ஆவர். எத்தனை பங்கு உண்டோ அந்த அளவுக்குக் குளக்கட்டின் நீளத்தைப் பேணுவதும், அந்த அளவுக்கு வேலி அடைப்பதும் பங்காளியின் கடன். நீர் குறைந்த ஆண்டிற் குளத்தை அடுத்த வயற்பகுதியை மட்டும் விதைக்க முடிவுசெய்து, அதனை எல்லாப் பங்காளருக்கும் அவரவர் பங்கின் விகிதப்படி தற்காலிகமாகப் பிரித்துக் கொடுப்பர். ‘பெத்ம’ எனப்படும் இவ்வழக்கு உலகின் நீர்ப்பாசன ஆய்வாளர் பலரை வியக்கவைத்தது. வரட்சியின் சுமை கடைமடை வயற்காரன் ஒருவன் தலையில் மட்டும் விழாமற் காத்த ஏற்பாடு அது.

இதனைக் கொண்டு பண்டைய கிராமத்தைச் சமத்துவச் சமுதாயமாகச் சித்திரிப்போர் உளர். அச்சித்திரம் உண்மைக்கு ஒவ்வாதது. பங்கு உடையவனுக்கே குளம், பங்கற்றவனுக்குக் கூலி. ஒரு கிராமம் பெரும்பாலும் ஒரே சாதிக் குழுவினதாக அமைந்தமையாற் கிராமத்துள் நிலவிய ஒற்றுமையின் மறுபக்கம், கிராமங்களுக்கிடையே நிலவிய ஏற்றத்தாழ்வாகும். எட்மண்ட் லீச் 1954 இல் நுவரகலாவியாவின் புல்எலிய என்னும் ஊரில் தங்கி ஆராய்ந்து 1961 இல் வெளியிட்ட நூல், நிலமும் நீரும் அமைந்திருந்த முறையே உறவுமுறையையும் பகையையும் எவ்வாறு வரையறுத்தது என்பதை நுணுக்கமாகக் காட்டுகிறது. கடமை இனிய ஒத்துழைப்பாக மட்டும் இயங்கவில்லை. அயலான் தன் முறைவேலையைச் செய்கிறானா என்று ஒவ்வொருவரும் கண்கொத்திப் பாம்பாய்ப் பார்த்திருந்தமையாலும் அது இயங்கியது.

லீச் மற்றொரு விவாதத்திலும் முதன்மை பெறுகிறார். பாரிய நீர்ப்பாசனம் சர்வாதிகார அரசைத் தோற்றுவிக்கும் என விற்போகல் 1957 இல் வாதித்தபோது, இலங்கையின் கிராமக்குளங்கள் மைய அரசின்றியும் இயங்கின என்பதை எடுத்துக்காட்டி 1959 இல் லீச் மறுத்தார். பின்னர், 1971 இல், பேராசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்தன இவ்விவாதத்தை மேலும் செம்மைப்படுத்தினார். முற்காலப் பிராமிக் கல்வெட்டுகளிற் குளவுடைமையாளர் ‘வாபிஹமிக’ எனக் குறிக்கப்படுவதையும், அரசனுக்கும் உழவனுக்கும் இடையே பல நிலைகளில் அதிகாரம் பரந்திருந்ததையும் அவர் சுட்டினார். குளத்தை ஆண்டது மன்னனா கிராமமா என்ற வினாவே மிகையாக எளிமைப்படுத்தப்பட்டது என்பது இவற்றால் தெளிவாகும்.

பிரித்தானியர் ஆட்சியில் ஏற்பட்ட முதல் உடைவு 1832 ஆம் ஆண்டுக்குரியது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரையின்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் மனிதனை இழிவுபடுத்துவது என்னும் தாராண்மைக் கொள்கையும், கோப்பித் தோட்டங்களுக்குச் சுதந்திரமான கூலியாட்கள் கிடைக்கவேண்டும் என்னும் பொருளியல் நோக்கும் இம்முடிவிற் கலந்திருந்தன. வீதி போடுவதற்கும் அதிகாரிகளின் பல்லக்குச் சுமப்பதற்கும் மக்களை இழுத்துச்சென்ற ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால் தன் சொந்தக் கிராமக் குளத்துக்கு ஒருவன் ஆற்றிய முறைவேலையும், அரசனுக்கு ஆற்றிய ஊழியமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாயின. முறைவேலை தடைசெய்யப்படவில்லை, அதனை வலியுறுத்தும் ஆற்றலே பறிபோயிற்று. பங்காளி ஒருவன் கட்டுக்கு வர மறுத்தால் அவனை வரச்செய்ய எந்த மன்றுக்கும் அதிகாரமில்லை. ஒருவன் மறுத்தபின் அடுத்தவனும் மறுத்தான்.

1832 ஐ மட்டுமே காரணமாகக் காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். சிறுகுளங்கள் அதற்கு முன்னரே பல நூற்றாண்டுகளாகக் கைவிடப்பட்டும் மீட்கப்பட்டும் வந்தவையே. எனவே, சிதைவு அனைத்தையும் ஒரு சட்டத்தின்மேற் சுமத்துதல் பொருந்தாது. அருவியாற்று வடிநிலத்தைப் பொறுத்தவரை 1840 இல் நிகழ்ந்ததே கூடிய பாதிப்பை ஏற்படுத்தியது எனலாம். அவ்வாண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளையும் தரிசுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியனவாகக் கொண்டது. கோப்பித் தோட்டக்காரருக்கு மலைநாட்டு நிலங்களை விற்பதற்கு வழிவகுத்த சட்டமாகவே வரலாற்று நூல்கள் இதனைப் பெரிதும் பேசுகின்றன. உலர் வலயத்தில் இதன் விளைவு வேறு. குளத்துக்கு நீர் ஏந்தித் தரும் காடும், கஸ்கொம்மனவும், பெரஹனவும் பயிரிடப்படாத நிலங்களே. ஒரே நாளில் அவை சட்டப்படி கிராமத்தின் கையைவிட்டு நீங்கின. கட்டு கிராமத்தின் பொறுப்பில் இருந்தது. நீரேந்துப் பிரதேசம் முடியின் சொத்தாயிற்று. பின்வந்த மீட்பு முயற்சிகள் எல்லாவற்றிலும் இப்பிளவு தொடர்ந்தது. சேனைப் பயிர்ச்செய்கைக்கு அனுமதிப்பத்திரம் பெறவேண்டிய நிலை உருவாயிற்று. எந்தக் காட்டை எப்போது வெட்டலாம் என்பதைக் குளத்தின் நலன் கருதியன்றிக் கச்சேரியின் விதி கருதி முடிவுசெய்யும் வழக்கம் தோன்றியது. 1897 ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச் சட்டம் இந்நிலையை மேலும் இறுக்கியது.

1855 இல் தேசாதிபதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் நீர்ப்பாசனத்தில் ஈடுபாடு மிக்கவர். ஊவாவின் நீர்ப்பாசன நிலைபற்றிப் பதுளை உதவி அரசாங்க அதிபர் பெய்லி எழுதிய அறிக்கை அவரைக் கவர்ந்தது. பழைய வழக்குகள் வலியிழந்தபின் நீர்த் தகராறுகள் நீதிமன்றங்களுக்குச் சென்று, வழக்காடுவோரைக் கடனாளிகளாக்கின என்பதே அக்காலத்து முறைப்பாட்டின் சாரமாகும். 1856 இன் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நெற்காணி நீர்ப்பாசனத்துக்குரிய பண்டைய வழக்குகளை மீளவும் நடைமுறைப்படுத்த வழிசெய்தது. இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் வழக்கின் வலிமையைப் பறித்த அரசே இப்போது வழக்கைத் தேடி அலைந்தது. ஊர்கூடித் தேர்ந்த வெல் விதானைமார் நீர்ப்பங்கீட்டையும் முறைவேலையையும் மேற்பார்வை செய்தனர். அறுவடையில் ஒரு சிறு பகுதி அவர்களுக்குரிய ஊதியமாயிற்று. மட்டக்களப்புப் பகுதியில் இம்முயற்சி நல்ல பலனளித்தது. அங்கு இறக்காமம், அம்பாறைக் குளங்களின் திருத்தமும் அதனோடு சேர்ந்து நடந்தது. நுவரகலாவியாவிலோ நிலை வேறு. சனத்தொகை அருகிய, பணப்புழக்கமற்ற அந்நாட்டிற் சட்டம் ஏட்டளவிலேயே நீண்டகாலம் நின்றது.

அதற்குரிய காரணங்களுள் ஒன்று நிருவாகம் சார்ந்தது. 1833 முதல் 1873 வரை நுவரகலாவிய வட மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது என்பது இன்று பலருக்கும் வியப்பளிக்கலாம். அருவியாற்றின் தலைப்பகுதியும் கடைப்பகுதியும் ஒரே அரசாங்க அதிபரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலம் அதுவே. அவ்வதிபர் யாழ்ப்பாணத்தில் வீற்றிருந்தார். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அப்பதவியை வகித்த டைக், குடாநாட்டின் வருவாயிலும் ஒழுங்கிலும் காட்டிய கண்டிப்பு பெயர்பெற்றது. காட்டுப்பாதையிற் பலநாட் பயணத் தொலைவிலிருந்த அநுராதபுரமோ ஓர் உதவி அதிபரின் பொறுப்பில் ஒதுங்கிக் கிடந்தது. வடிநிலம் ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்தும் அதனால் ஆற்றுக்கு விளைந்த நன்மை சிறிதே. நிருவாக எல்லை பொருந்தினாற் போதும் என வாதிப்போர் இந்நாற்பதாண்டுகளைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

1872 இல் வந்த தேசாதிபதி கிரெகரி, நுவரகலாவியாவிற் பட்டினியும் ‘பரங்கி’ நோயும் மலிந்திருந்த நிலையைக் கண்டார். மனித உடலைப் புண்ணாக்கி ஊனமாக்கிய அந்நோய் கிராமங்களையே வெறுமையாக்கிக்கொண்டிருந்தது. பின்னர் 1881 இல் மருத்துவ அதிகாரி கின்சி அதுபற்றித் தனி அறிக்கையே எழுதினார். 1873 இல் வட மத்திய மாகாணம் உருவாக்கப்பட்டு டிக்சன் அதன் முதலாவது அரசாங்க அதிபரானார். கிராமக்குளத் திருத்தம் இம்மாகாணத்தின் முதற் பணியாயிற்று. அதன் ஏற்பாடு எளிமையானது: கட்டின் மண்வேலையைக் கிராமத்தார் கூலியின்றிச் செய்து முடிப்பர், முடித்தபின் துருசையும் அதனைப் பொருத்தும் தொழில்நுட்ப உதவியையும் அரசு வழங்கும். 1871 இன் கிராமச் சங்கச் சட்டம் தந்த அதிகாரமும் இதற்குத் துணைநின்றது. கிராமத்துக்குக் கிராமம் கட்டுகள் எழுந்தன, நெல் விளைந்தது. வரலாற்றாசிரியர் பலர் இதனைக் கிராம மக்களின் கூட்டுமுயற்சிக்குச் சான்றாகப் போற்றுவர். போற்றத்தக்கதே. ஆனால் அன்று மண் சுமந்தவரிற் பலர் பசியாலும் நோயாலும் நலிந்தவர்கள்; மண்வேலைக்கு வராதோரைத் தண்டிக்க விதிகளும் இருந்தன. 1832 இல் ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட கட்டாய ஊழியம் வேறொரு பெயரில், இம்முறை ஊழியம் செய்வோரின் நன்மைக்காகவே, திரும்பி வந்தது என்பது மிகையாகாது.

இத்திருத்த வேலையில் ஒவ்வொரு குளமும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. விண்ணப்பம் செய்த கிராமத்தின் கட்டு உயர்ந்தது. அதனால் மேற்கிராமத்தின் வயல் நீரில் அமிழ்ந்ததா, கீழ்க்கிராமத்துக்கு வான்நீர் குறைந்ததா என்பன தகராறு எழுந்தபோது மட்டுமே நோக்கப்பட்டன. காட்டைப் பற்றிய பேச்சே இல்லை. அது முடியின் சொத்து.

இதே காலத்திற் பெருங்குளங்களின் மீதும் அரசின் கவனம் திரும்பியது. 1887 இற் காலவாவி திருத்தப்பட்டு, அதன் நீர் பழைய யோத எலவின் வழியாக அநுராதபுரத்துக்கு மீண்டும் வந்தது. இதனால் வேறோர் ஆற்றின் நீர் மல்வத்து ஓயா வடிநிலத்தைச் சேரலாயிற்று. நாச்சதூவக் குளம் 1906 இல் மீட்கப்பட்டது. ஆற்றின் கடைப்பகுதியில், மடுவுக்கு அருகேயுள்ள தேக்கம் என்னும் பழைய அணையிலிருந்து நீர்பெறும் கட்டுக்கரைக் குளம் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிற் புதுவாழ்வு பெற்றது. ஆங்கிலேயர் இதனை இராட்சதக் குளம் என்றனர். முருங்கனையும் நானாட்டானையும் சூழ்ந்த மன்னார் நெற்பரப்பின் உயிர்நாடி இக்குளமே. பெருங்குளமாயினும் இதன் நீர் இன்றும் பல சிறுகுளங்களின் வாயிலாகவே வயல்களை அடைகிறது. 1900 இல் நீர்ப்பாசனத் திணைக்களம் அமைந்தபின் பெருங்குளத்தின் துருசு சம்பளக்காரர் கைக்கு மாறியது. சிறுகுளம் மட்டும் கிராமத்தோடு நின்றது. பெரியன அரசுக்கு, சிறியன கிராமத்துக்கு என்ற இப்பாகுபாட்டை ஆறு அறியாது. தேக்கத்துக்கு வரும் நீர், மேலே வான்பாய்ந்த சிறுகுளங்களின் எச்சமாகும்.

20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியிற் கிராமத்தின் உள்ளிருந்தே பங்குமுறை அரிக்கப்பட்டது. முடிக்குரிய நிலத்தை அரசிடம் விலைக்கு வாங்கியோரின் வயல்கள் பழைய வயலின் பங்குக் கடமைகளுக்கு முற்றாக உட்படவில்லை. 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட நிலங்களும் அவ்வாறே. ஒரே குளத்தின் நீரைக் குடிக்கும் வயல்கள் மூன்று வகைச் சட்டங்களுக்கு உட்பட்டிருந்தன. புல்எலியவில் இம்மூவகை நிலங்களும் எவ்வாறு உடைமையாளரை வேறுபடுத்தின என்பதை லீச் விரிவாகப் பதிந்துள்ளார். நிலம் பங்கினின்று பிரிந்து தனிச்சொத்தானபோது, அதனோடு பிணைந்திருந்த கடமை தானாகவே தளர்ந்தது.

1957 டிசம்பரிற் பெய்த பெருமழையில் உலர் வலயத்துக் குளங்கள் பல உடைந்தன; நாச்சதூவவும் அவற்றுள் ஒன்று. மறு ஆண்டில் நெற்காணிச் சட்டம் நிறைவேறியது. குத்தகைக் கமக்காரனைக் காக்க முனைந்த அச்சட்டத்தின் முற்போக்கான உள்ளடக்கத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அது நூற்றாண்டுக் காலமாகக் குளத்தைக் கண்காணித்த வெல் விதானையின் பதவியை நீக்கி அவ்விடத்திற் பயிர்ச்செய்கைக் குழுக்களை நிறுவியது. வெல் விதானை பெரும்பாலும் ஊர்ப் பெரியவர். பல இடங்களில் ஊரை ஒடுக்கியவரும் அவரே. குழு தேர்ந்தெடுக்கப்பட்டது, ஆனால் அதிகாலையிற் கட்டின்மேல் நடந்து கசிவு பார்க்கும் வேலையைத் தன் கடமையாக ஏற்க ஒருவர் அதில் இருந்தாரா என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. பின்வந்த 1979 இன் கமநல சேவைகள் சட்டமும் 2000 இன் கமநல அபிவிருத்திச் சட்டமும் அமைப்புகளின் பெயரையும் அதிகாரத்தையும் மாற்றி மாற்றி அமைத்தன. இடைப்பட்ட காலத்தில் உழவு இயந்திரம் வந்தது, நிலப்பசி பெருகியது. கட்டகடுவ வயலாயிற்று. கஸ்கொம்மன விறகாயிற்று. குளு வெவவின் கட்டை வெட்டி அதன் தரையையும் விதைத்தனர். இதனைக் கிராமத்தாரின் அறியாமை என்பது நியாயமன்று. சட்டப்படி அவர்களுக்கு உரித்தற்றதும், அவர்கள் பேணினும் பேணாவிடினும் எவரும் கேளாததுமான நிலத்தை, பசித்த குடும்பம் ஒன்று பயிரிட்டதில் வியப்பில்லை.

1980 களில் உலக வங்கியின் உதவியுடன் கிராம நீர்ப்பாசனப் புனரமைப்புத் திட்டம் நடைபெற்றது. கட்டுகள் உயர்த்தப்பட்டன, துருசுகள் கொங்கிறீற்றாயின. குளத்தின் அடியில் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வண்டலை அகற்றுவதிலும் கட்டை உயர்த்துவது மலிவானது, ஒப்பந்தகாரருக்கும் இலகுவானது. ஆனால் கட்டு உயர்ந்தபோது நீர் ஆழமாவதற்குப் பதிலாக மேல்நோக்கிப் பரந்தது. பரந்த நீர் அலைகரை மரங்களை மூழ்கடித்தது, மேல்வயல்களில் உப்பேறியது, ஆழமற்ற நீர்ப்பரப்பு வெயிலில் விரைந்து வற்றியது. தொடரின் மேற்பகுதியில் ஒரு குளம் பெருத்தபோது கீழ்க்குளங்கள் வான்நீருக்குக் காத்திருந்தன. மத்தும பண்டாரவின் கட்டுரையும், பின்னர் மண்ணியல் அறிஞர் பானபொக்க முதலியோர் தொடர்குளங்களை வகைப்படுத்திய ஆய்வுகளும் இத்தகைய அனுபவங்களின் பின்னணியில் நோக்கத்தக்கவை. குளத்தையன்றித் தொடரையே திருத்தவேண்டும் என்ற கருத்து மெல்ல மெல்ல அதிகாரிகளையும் சென்றடைந்தது.

இக்கருத்து நடைமுறைக்கு வந்த இடங்களுள் ரம்பாவைப் பகுதியின் காப்பிரிகமைத் தொடர் குறிப்பிடத்தக்கது. 2010 களின் நடுப்பகுதியிற் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் கிராமக் கமக்கார அமைப்புகளோடு சேர்ந்து அத்தொடர் முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு திருத்தின. வண்டல் அகற்றப்பட்டது, மேல்விளிம்பு மரச்சோலையும் கட்டகடுவவும் மீள நடப்பட்டன. 19 ஆம் நூற்றாண்டின் திருத்தவேலையில் இடம்பெறாதுபோன உறுப்புகள் இவையே. மறைந்துகொண்டிருந்த பெயர்களை முதியோர் வாயிலிருந்து கேட்டறிந்து, எல்லையை அவர்கள் சுட்டிய இடத்தில் நாட்டவேண்டியதாயிற்று. 2017 இல் உலக உணவு விவசாய நிறுவனம் இலங்கை உலர் வலயத்தின் தொடர்குளக் கிராம அமைப்பை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. அதே காலத்தில் மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா ஆகிய மூன்று வடிநிலங்களிலும் தொடர்குளங்களைத் திருத்தும் திட்டம் ஒன்று பசுமைக் காலநிலை நிதியத்தின் உதவியோடு தொடங்கிற்று. சிறுநீரக நோய் 1990 களிலிருந்து இப்பகுதிக் கமக்காரரை வாட்டிவந்தமையும், அதன் காரணம் முடிவாகத் துலங்காதபோதிலும் குடிநீர் பற்றிய அச்சம் ஊர்தோறும் பரவியமையும் நீரேந்துப் பிரதேசத்தைக் காக்கும் எண்ணத்துக்கு வலுவூட்டின.

மரம் நட்ட நிலம் யாருடையது என்ற வினா அங்கும் எழுந்தே தீரும். கஸ்கொம்மன அமைந்துள்ள தரை குளத்தின் ஒதுக்கு நிலம். அதற்கு மேலுள்ள காடு வேறொரு திணைக்களத்தினது. இடையில் அனுமதிப்பத்திரத்தோடும் அனுமதியின்றியும் பயிரிடப்படும் துண்டுகள். கமக்கார அமைப்பு மரத்தை நடலாம், நீர் ஊற்றலாம். அதை வெட்டுபவனைத் தடுக்கும் உரிமையைச் சட்டம் அதற்கு எந்த அளவில் வழங்குகிறது என்பதிலேயே, 1840 இல் ஏற்பட்ட பிளவு இணைகிறதா என்பது தங்கியுள்ளது. முறைவேலைக்குப் பதிலாக இன்று சிரமதானம் நடக்கிறது. திட்ட நிதியிலிருந்து கூலியும் வழங்கப்படுகிறது. கூலி நின்றபின் கட்டுக்கு வருவோர் எத்தனை பேர் என்பதை அடுத்துவரும் சில பெரும்போகங்கள் காட்டும்.

ஆற்றின் கடைப்பகுதி வேறொரு துயரத்தைக் கண்டது. 1990 இல் முசலிப் பகுதி முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2007 முதல் 2009 வரை மன்னார்ப் பெருநிலப்பரப்பின் தமிழ்க் கிராமங்கள் பல முற்றாக இடம்பெயர்ந்தன. ஆளற்ற கிராமத்திற் குளக்கட்டை மரவேர்கள் துளைத்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. மீண்டுவந்தோர் முதலிற் செய்த வேலைகளுள் கட்டில் வளர்ந்த காட்டை வெட்டுவதும் ஒன்று. பங்காளரிற் சிலர் இறந்திருந்தனர், சிலர் கடல் கடந்திருந்தனர். அவர்களுடைய பங்குக்குரிய கட்டை யார் பேணுவது என்ற சிக்கல் இங்குப் புதிய வடிவெடுத்தது. சில ஊர்களில் உறவினர் ஏற்றனர். சில ஊர்களில் அப்பகுதி அப்படியே கிடந்தது.

காப்பிரிகமை போன்ற தொடரொன்றின் குழுவில் அத்தொடரின் கிராமங்கள் எல்லாம் அமர்கின்றன. மேற்கிராமமும் கீழ்க்கிராமமும் ஒரே பாயில் இருந்து பேசுவது அருவியாற்று வரலாற்றிற் புதியதொரு நிகழ்ச்சியாகும். ஆனால் குழுவின் எல்லை தொடரின் எல்லையோடு முடிகிறது. தொடரின் கடைசிக் குளம் வான்பாய்ந்து ஓடும் நீர் கிளையாற்றிற் கலந்து, தந்திரிமலையைக் கடந்து தேக்கத்தை அடையும். அங்கிருந்து கட்டுக்கரைக்கு நீர் திருப்பப்பட்டு, விதைப்பு நாள் மன்னார் மாவட்டத்துக் கூட்டத்தில் முடிவுசெய்யப்படுகிறது. மேற்குளங்களின் விதைப்பு நாள் அநுராதபுர மாவட்டத்திற் கிராமந்தோறும் முடிவாகிறது. ரம்பாவையிலிருந்து முருங்கனுக்கோ, முருங்கனிலிருந்து ரம்பாவைக்கோ அக்கூட்டங்களுக்கென எவரும் செல்வதில்லை.